சூரைக் குழம்பில் கிடந்த புழு

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. எங்களிடம் நேரம் கொட்டிக் கிடக்கிறது. புழுவை எதில் கழுவுவது, எதில் ஊறப் போடுவது, எந்தச் சாயம் ஏற்றுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது நான் செய்த ஒரு தப்பு. வேறு தப்புகளும் நிறைய செய்திருக்கிறேன், ஆனால் அவற்றால் கஷ்டப்பட்டவை பெரும்பாலும் புழுக்கள்தான். இந்தத் தப்பில் ஒரு பெண்ணின் பிழைப்பே போகப் பார்த்தது.

என்னைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. எனக்கு மன்னார்குடிப் பக்கம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். விலங்கியல் படித்துவிட்டு, கடலோரத்தில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். சூரை மீன் என்று நாம் சொல்லும் டூனாவின் செவுளிலும் குடலிலும் சதையிலும் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளை எடுத்து, இது இன்ன வகை, இன்ன குடும்பம் என்று பிரித்து எழுதி வைப்பது வேலை. ஊரில் யாராவது மகளுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் அம்மா, "மீனு டாக்டர்" என்று சொல்லிவிடுவார். என்னிடம் வந்த நோயாளி அத்தனை பேரும் செத்த பிறகுதான் வந்தார்கள் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சூரையின் செவுளில் மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பைகள் இருந்தன. ஒன்றைக் கிழித்தால் உள்ளே நூல் போலப் புழு சுருண்டு கிடக்கிறது. பொறுமையில்லாமல் இடுக்கியால் இழுத்தேன். துண்டு துண்டாக வந்தது. துண்டுகளை எண்ணி, ஒன்பது புழுக்கள் என்று எழுதி, துறைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் அதிகம் பேசமாட்டார், திட்டவும் மாட்டார். திட்டுகிறவர்களைச் சமாளிப்பது சுலபம்.

"ஒம்பதுக்கும் தலையைக் காட்டும்மா" என்றார்.

தேடினேன். இரண்டு தலைதான் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். தலையைப் பார்க்காமல் எதையும் எண்ணக்கூடாது, பெயர் சொல்லவும் கூடாது. உங்களுக்கும் அதைச் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த வழக்கம் வந்ததே என்னால்தான் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். வழக்கம் வரக் காரணமாக இருந்தவளே பல வருஷம் கழித்து அதை மீறினேன் என்பதுதான் இந்தக் கதை.

அது சம்பா அறுவடை நேரம். காலையில் மன்னார்குடியிலிருந்து கிளம்பினால் வழியெல்லாம் ரோட்டில் நெல் காயும், பஸ் ஒரு பக்கமாகவே ஊர்ந்து போகும். அன்றைக்கு முன்னால் அறுவடை இயந்திரம் ஒன்று போய்க்கொண்டிருந்ததால் பஸ் நின்றே விட்டது. கைபேசியை எடுத்தேன். கும்பகோணத்திலிருந்து கார்த்திக் ஒரு படம் அனுப்பியிருந்தான். கார்த்திக் உணவுப் பாதுகாப்பு அலுவலர். முன்பு எங்களிடம் பயிற்சிக்கு வந்து, என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பையன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மீன் குழம்பு சாப்பிட்ட ஒருவர் புழு இருக்கிறது என்று வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார், நான் போய் சாம்பிள் எடுத்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுவருகிறேன், அதற்கு முன்னால் இது என்னவென்று ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் மேடம் என்று எழுதியிருந்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சூரை மீன் துண்டு. அதன் ஓரத்தில் மஞ்சள் படிந்த வெள்ளையில், அரிசி அளவுக்கு ஒரு புழு, உடம்பில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம், ஒரு முனையில் பழுப்பாக இரண்டு புள்ளிகள்.

ஈ முட்டையிட்டு வரும் புழுவுக்குப் பின்பக்கத்தில் மூச்சு விடுவதற்கு இரண்டு தட்டுகள் உண்டு. வெறும் கண்ணுக்குப் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். இதை வகுப்பில் நானே சொல்லித் தந்திருக்கிறேன். அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி, கைபேசியில் கண்டுபிடிக்கிறேனே என்று. பதில் அடித்தேன். "ஈப்புழுதான். மீன் கெட்டிருக்கு."

மூன்றே சொல். அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக நெல் அள்ளுகிறவர்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த மூன்று சொல்லில் இரண்டு தப்பு இருந்தது. ஒன்று, புழுவின் பெயர். இன்னொன்று மீன் கெட்டதா இல்லையா என்பதைச் சொன்னது. அது என் வேலையே இல்லை, அதைப் பார்க்கப் பக்கத்து அறையில் தனியாக ஆட்கள் இருந்தார்கள். கார்த்திக் என் பதிலை அவனுடைய மேலதிகாரிக்கு அனுப்பினான். அவர் அதை நம்பி மெஸ்ஸை அன்று மதியமே பூட்டி சீல் வைக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் கும்பகோணத்து வாட்ஸ்அப் குழுக்களில், "கெட்டுப்போன மீன், ஆய்வக அதிகாரி உறுதி" என்று அந்த மெஸ்ஸின் பெயர்ப்பலகைப் படத்தோடு சுற்ற ஆரம்பித்துவிட்டது. யாரோ எனக்கே அதை அனுப்பி, இப்படியெல்லாம் செய்கிறார்களே, வெளியில் சாப்பிடவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். நானும் ஆமாம் என்று பதில் போட்டேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

மறுநாள் காலை ஆய்வுக்கூட வாசலில், வாட்ச்மேன் பக்கத்துப் பெஞ்சில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒயர் கூடை. உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கும்மோணத்துலேருந்து வர்றேங்க. மெஸ் நடத்துற செல்வமணி. நீங்கதான் புழுவைப் பாத்துச் சொன்ன மேடமா?"

"இன்னும் பாக்கலைம்மா. சாம்பிள் இனிமேதான் வரும்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம்கூட இல்லை. புரியவில்லை அவருக்கு.

"பாக்கலையா? அப்ப எதை வச்சுங்க எங்கடையப் பூட்டுனாங்க?"

போட்டோ பார்த்தேன் என்றேன். அது சும்மா ஒரு அபிப்பிராயம்தான் என்றேன். ரிப்போர்ட் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். தப்புச் செய்த ஆள் பேசுகிற பேச்சு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பேசினேன்.

"நான் ஒண்ணும் மாத்திச் சொல்லச் சொல்லலைங்க" என்றார் அவர். "தலையில அன்னக்கூடையில மீனு வச்சுத் தெருத்தெருவா வித்தவ நான். கெட்ட மீனு எதுன்னு மூக்கு சொல்லிரும். சூரையில வயித்துச் சதையோரம் அரிசியாட்டம் வெள்ளையா சிலதுல இருக்கும். கத்தி முனையில எடுத்துப் போட்டுருவேன். அது புழுன்னே எனக்குத் தெரியாது. அன்னிக்கு ஒண்ணு தப்பிருச்சு போலருக்கு. அதே மீனுல மிச்சம் பச்சையா கொண்டாந்திருக்கேன், பாருங்க" என்று தூக்கை நீட்டினார்.

வயிற்றுச் சதையோரம் அரிசியாட்டம். பிள்ளைகளே, நான் இருபது வருஷத்துக்கு மேல் சூரையின் வயிற்றுச் சதையை அறுத்தவள். அந்த வெள்ளையை எத்தனையோ தடவை பார்த்து, எடுத்து, பெயர் எழுதியவள். அதை ஒரு மெஸ்காரம்மா என் முகத்துக்கு நேரே சொல்கிறார், எனக்கு உறைக்கவில்லை. வழக்கில் மாட்டினவர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று மனதுக்குள் ஓரம் தள்ளிவிட்டேன். "பார்ட்டி கொண்டுவர்ற சாம்பிளை நாங்க வாங்கக்கூடாதும்மா" என்று சட்டம் பேசிவிட்டு உள்ளே போனேன். சட்டம் சரிதான். பேசிய தோரணைதான் சரியில்லை.

அப்போதும் அதே துறைத் தலைவர்தான். அவருக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. மேசைக்கு வந்து நின்றார்.

"படத்துல எந்தப் பக்கம் தலைன்னு பாத்தியாம்மா?"

"பின்பக்கம் தெளிவா இருந்துச்சு சார். ரெண்டு புள்ளி."

"பின்பக்கம்னு சொன்னா முன்பக்கம் ஒண்ணு பாத்திருக்கணுமே" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

பத்து மணிக்குக் கார்த்திக் ஐஸ் பெட்டியோடு வந்தான். அவனுக்கும் முகம் சரியில்லை. மேலதிகாரி மதியத்துக்குள் எழுத்தில் கேட்கிறாராம். "நேத்து சொன்னதையே எழுதிக் கொடுத்துட்டாப் போதும் மேடம்" என்றான். அவனைக் குறை சொல்லாதீர்கள். நான் சொன்னதை நம்பியது மட்டும்தான் அவன் செய்த தப்பு.

பெட்டியின் முத்திரையை உடைத்து, புழுவை எடுத்து, கண்ணாடித் தட்டில் வைத்து, உப்புத் தண்ணீரை மெதுவாக விட்டேன். குழம்பின் எண்ணெயும் மஞ்சளும் பிரிந்து ஓரமாக ஒதுங்கின. அந்த இரண்டு பழுப்புப் புள்ளிகளும் கூடவே ஒதுங்கின. ஒன்று தட்டின் இந்தப் பக்கம் மிதந்தது, இன்னொன்று அந்தப் பக்கம். இடுக்கியால் எடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன்.

கடுகுத் தோல்.

தாளிப்பில் வெடித்த கடுகின் தோல் இரண்டு துணுக்கு, புழுவின் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து மூச்சுத் தட்டு என்று சொல்லி ஒரு மெஸ்ஸைப் பூட்ட வைத்திருக்கிறேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெளியே செல்வமணி பெஞ்சில் தூக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் டீ நீட்டினார், அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

இப்போது நான் சொல்லப் போவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. அந்த ஜன்னலோரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெந்த புழு, சுருங்கிப்போன புழு, அதனால் "மாதிரி சிதைந்திருப்பதால் வகை காண இயலவில்லை" என்று எழுதிவிடலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நம் தொழிலில் இது நேர்மையான வாக்கியம்தான், எத்தனையோ முறை உண்மையாகவே அப்படி எழுதியிருக்கிறேன். என் மானமும் தப்பும். ஆனால் அந்த மெஸ்ஸின் பூட்டு அப்படியே தொங்கும். மேல்விசாரணை, மறுபரிசோதனை என்று மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குள் கும்பகோணத்தில் ஒருவரும் அந்த வாசலை மிதிக்கமாட்டார்கள். எனக்கு வசதியான அந்த வாக்கியம் அவரைக் குழியில் தள்ளுகிற வாக்கியம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு ஐந்து நிமிஷமாவது அதைத்தான் எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவளாக மனம் மாறியெல்லாம் திரும்பி வரவில்லை. அவர் டீ வேண்டாமென்று சொன்னதைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

திரும்ப உட்கார்ந்தேன். ஈப்புழு இல்லை என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் இது என்ன? உடனே ஒரு பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. காலையில் செல்வமணி சொன்ன வயிற்றுச் சதை அரிசி இப்போதுதான் உறைத்தது. ஆனால் ஒரு அவசரத்தை இன்னொரு அவசரத்தால் சரிசெய்ய முடியாது. நேற்று ஈப்புழு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இன்று அது இல்லை என்பதும் நிச்சயமாகத் தெரிகிறது. என் நிச்சயத்துக்கு அன்றைக்கு மதிப்பில்லை. தலையைப் பார்க்க வேண்டும்.

வெந்த புழு தன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கியிருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளிசரினில் போட்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே லேசாக அழுத்தி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தெளிந்து உள்ளே இருப்பது தெரியவரும். அழுத்தம் கூடினால் நசுங்கிப்போகும். இருப்பதே ஒரு புழு. ஒரே ஒரு வாய்ப்பு. நேரம் ஆகும்.

கார்த்திக் இரண்டு முறை எட்டிப் பார்த்தான். அவன் மேலதிகாரி என் கைபேசிக்கே கூப்பிட்டார். "என்ன மேடம், நேத்தே சொல்லிட்டீங்களே, இன்னும் என்ன பாக்குறீங்க?" என்றார்.

"நேத்து பாக்காம சொன்னேன் சார். இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றேன். "எப்ப முடியும்?" என்றார். "அது தெளியும்போது" என்றேன். இத்தனை தெனாவெட்டாக நான் மேலதிகாரி யாரிடமும் பேசியதில்லை. தைரியம் இல்லை அது, பயம் முற்றிப்போனால் வருகிற ஒன்று.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு ஓரம் தெளிய ஆரம்பித்தது. ஒரு மணி சுமாருக்கு முன்பக்கத்தில் பட்டை போல ஒன்று தெரிந்தது. விளக்கைக் கொஞ்சம் குறைத்தேன். பட்டையில் வரிசை வரிசையாகப் பொடிப்பொடி முட்கள். கொக்கிகள். ஒரு தண்டு, இரண்டு, கண்ணாடியை நகர்த்தினால் மூன்றாவது, அதற்குக் கீழே மறைந்தாற்போல நான்காவது. உள்ளே இழுத்துக்கொண்ட நான்கு கொக்கித் தண்டுகள். ஈப்புழுவுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அது வராது. சுறாவின் குடலில் வளர வேண்டிய நாடாப்புழுவின் இளம் பருவம் இது. உயிரோடு கடலில் நீந்துகிற சூரையின் சதைக்குள் இருந்து, சுறா அந்தச் சூரையைத் தின்னட்டும் என்று காத்திருக்கும். மீன் கெட்டதால் வருவது இல்லை. மனித உடம்பில் குடியேறுவதும் இல்லை. வெந்துவிட்டால் அதுவும் வெறும் சதைதான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உருப்பெருக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினேன். நான்குதான்.

ஆனாலும் என்னை நான் நம்பவில்லை. பார்த்ததை ஒரு தாளில் எழுதி, மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, துறைத் தலைவரைக் கூப்பிட்டேன். என்ன பார்த்தேன் என்று சொல்லவில்லை. அவர் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தார். அந்தப் பத்து நிமிஷம் என் பணிக்காலத்திலேயே நீளமானது. பிறகு ஒரு தாளை இழுத்து அவரும் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே பெயர்.

"தலை இருக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அறிக்கையில் புழு என்ன என்பதை மட்டும் எழுதினேன். மீனைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அதைப் பக்கத்து அறைக்காரர்கள் தனியாகப் பார்த்து, கெட்டதற்கான அறிகுறி இல்லை என்று தனியாக எழுதினார்கள். பிறகு கார்த்திக்கின் மேலதிகாரிக்கு வேறொரு கடிதம் எழுதினேன். நேற்றுக் கைபேசியில் நான் சொன்னது மாதிரியைப் பார்க்காமல் சொன்னது, அது தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன், அதை நம்பி நடவடிக்கை எடுத்தவர்கள் மேல் குற்றமில்லை என்று. கார்த்திக் அதைப் படித்துவிட்டு, "இவ்ளோ எழுதணுமா மேடம்?" என்றான். கையெழுத்துப் போட்டு அவன் கையிலேயே கொடுத்தேன்.

வாசலுக்குப் போய்ச் செல்வமணியிடம் சொன்னேன். நின்றுகொண்டு கேட்டார். "அப்ப அது என்னதாங்க?" என்றார். சுறா, சூரை, கொக்கி என்று எனக்குத் தெரிந்த எளிமையில் விளக்கினேன்.

"சுறாவுக்குப் போக வேண்டியது எனக்கு வந்து சேந்துச்சாக்கும்" என்றவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் மறுபடி டீ கொண்டுவந்தார், இந்த முறை வாங்கிக்கொண்டார். எனக்கு அந்த டீயைப் பார்த்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்டார். "பூட்டைத் தொறந்துருவாங்க, சரிங்க. எங்கூட ரெண்டு பொம்பளைங்க வேலை செய்யிறாளுவ. நாளைக்கு மூணு பேரும் ஆக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். யாரு வந்து திம்பாங்க? இந்த ரிப்போர்ட்ட நான் ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுக்க முடியுமா?"

பஸ்ஸில் திரும்பும்போது மன்னார்குடி வரை அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மெஸ் திறந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கும்பகோணம் போனேன். துறைத் தலைவரிடம் காரணம் சொன்னேன். விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பசியோட போ" என்றார்.

மதியம் ஒரு மணி. மற்ற நாளில் இடம் பிடிக்க நிற்க வேண்டிய நேரம் என்று பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார். உள்ளே எட்டு மேசையில் மூன்றில்தான் ஆள் இருந்தது. எல்லார் இலையிலும் சாம்பார். அடுப்படி நேராகத் தெரிந்தது. இரண்டு அடுப்பில் ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது. மீன் குழம்புச் சட்டி மூடியபடி ஓரமாக இருந்தது. செல்வமணி என்னைப் பார்த்ததும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"சாப்பாடு போடுங்க. சூரைக் குழம்பு ஊத்துங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

பக்கத்து மேசையில் சட்டைப்பையில் பேனா செருகிய ஒருவர், என் நன்மைக்காகத்தான், குனிந்து சொன்னார். "மீனு வேணாம்மா. போன வாரம் இங்கதான் புழு வந்துச்சு. ஆபீஸர் ஒருத்தங்களே சொல்லிட்டாங்க."

நான் எழுந்து நின்றேன். "அந்த ஆபீஸர் நான்தாங்க" என்றேன். "புழுவைப் பாக்காமலே, போன்ல ஒரு போட்டோவைப் பாத்துட்டு, மீன் கெட்டிருக்குன்னு சொல்லிட்டேன். அப்புறம் பாத்தேன். நான் சொன்னது தப்பு."

"அப்ப அது புழு இல்லையா?" என்று மூலை மேசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. "புழுதாங்க" என்றேன். செல்வமணியின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "நல்ல மீனுலயும் சதைக்குள்ள இருக்கும். உயிரோட இருக்கும்போதே இருக்கும். கழுவும்போது பாத்து எடுத்துருவாங்க, ஒண்ணு ரெண்டு தப்பும். வெந்துட்டா செத்துரும். நம்ம வயித்துல அதால பிழைக்க முடியாது. இந்த அம்மா வச்சது கெட்ட மீனு இல்ல. கெட்ட பேரு நான் வச்சது."

உட்கார்ந்தேன். செல்வமணி இலை போட்டு, சாதம் வைத்து, குழம்பு ஊற்றி, இரண்டு துண்டு மீன் வைத்தார். எட்டு பேர் பார்க்க, பிசைந்து சாப்பிட்டேன். புளியும் காரமும் சரியாக இருந்தது. ஆனால் எனக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை. ஒவ்வொரு வாயும் வலுக்கட்டாயமாக விழுங்கினேன்.

முதல் துண்டு முடிகிற நேரம், பேனா வைத்திருந்தவர் என் இலையையும் அவர் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, எனக்கும் அந்தக் குழம்ப ஒரு கரண்டி ஊத்துங்க" என்றார். மூலையில் இருந்த அம்மா, "எனக்கு வறுத்த துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

"வறுக்கல. இப்ப வறுத்துத் தர்றேன், ரெண்டு நிமிஷம்" என்றார் செல்வமணி. உள்ளே போய், அணைந்து கிடந்த இரண்டாவது அடுப்பைப் பற்ற வைத்து தோசைக்கல்லைப் போட்டார். எண்ணெயில் மீன் விழுந்து சுர்ரென்ற அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.